கோடு விலகிய பக்கம்

"கையெழுத்துப் போட மாட்டேன். தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்!"

வணக்கம்கூடச் சொல்லாமல் இப்படித்தான் அக்காவும் தம்பியும் இருந்த அறைக்குள் வந்தாள் அந்த எலக்ட்ரீஷியன் அம்மாள். தீவிபத்து எப்படி நடந்தது என்று துப்புத் துலக்குவது அக்காவின் தொழில். ஊர் அவளுக்கு வைத்த பெயர் நிதானம். கூடவே திரியும் தம்பிக்கு அவசரம் என்று பெயர் வைத்ததும் அதே ஊர்தான். நாற்பதைத் தாண்டித் தொப்பை போட்ட பிறகும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. வந்தவள் உட்காரும் முன்பே, "யார் மேல சந்தேகம்?" என்று கேட்டுவிட்டான்.

"வாயை மூடுடா. அவங்க சொல்லட்டும்" என்றாள் அக்கா.

ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுக்கும் பேனல் எரிந்துபோனது. போன வாரம் அதன் இணைப்புகளை இறுக்கியவள் இவள். "சரியாக இறுக்காமல் விட்டது என் தவறு" என்று மேனேஜர் இவள் பெயரில் ஒரு தாளில் எழுதி நீட்டுகிறார். கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி எழுதுவாராம்.

"போட்டா?"

"அப்புறம் எவன் என்னை நம்பி ஒரு பேனலைத் தொட விடுவான்? ரெண்டு பக்கமும் என் பொழப்புதான் போகுது மேடம். போறதா இருந்தா நிமிர்ந்தே போறேன்."

தம்பிக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. அவளுக்காக எவனையாவது பிடித்துக் கொடுத்தே தீருவது என்று கிளம்பினான்.

ஃபேக்டரியில் உருகிய ஐஸ் தரையெல்லாம் தண்ணீராக நின்றது. கருகிய பேனலுக்குள் பக்கத்துப் பக்கத்தில் மூன்று சின்னப் பித்தளை போல்ட்டுகள். நடுவில் இருந்தது கரிக்கட்டை. மற்ற இரண்டும் தப்பித்திருந்தன. அவற்றில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன.

"இறுக்கி முடிச்சதும் போல்ட் தலையிலேர்ந்து மேல் பக்கமாத் தகடு வரைக்கும் மார்க்கரால நேரா ஒரு கோடு இழுப்பேன். போல்ட் அசைஞ்சா கோடு உடைஞ்சிடும்" என்றாள் எலக்ட்ரீஷியன்.

இரண்டு கோடுகளும் உடைந்திருந்தன. "போச்சுக்கா! தளர்ந்திருக்கு. இந்தம்மா நல்லா மாட்டிக்கிட்டாங்க" என்று தம்பி கிசுகிசுத்தான். அக்கா டார்ச் அடித்து இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் அறையில் கண்ணாடி அலமாரி, அதில் வெல்வெட் பெட்டி, அதற்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்க் ரெஞ்ச். கேட்ட அளவுக்கு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் கருவி அது.

"நானே தேடி வாங்கினது. மொத்த ஃபேக்டரிக்கும் இது ஒண்ணு போதும். இந்தம்மா என்னடான்னா பொம்மை மாதிரி ஒரு சின்ன ரெஞ்சை வீட்லேர்ந்து கொண்டுவந்து வெச்சுக்கிறாங்க. அவங்க இறுக்கின போல்ட்ல இதை வெச்சா டக்குனு ஒரு சத்தம் வரணுமே? வரவே இல்லையே!" என்றார் மேனேஜர்.

"அலமாரி சாவி?" என்றாள் அக்கா.

"என்கிட்ட மட்டும்தான்."

"பேனல் பக்கம் போனீங்களா?"

"எனக்கென்ன வேலை அங்க?"

தம்பி ரெஞ்சைத் திருப்பிப் பார்த்தான். "அக்கா, இதுல வெச்சிருக்கிற இறுக்கம், பிடியில இருக்கிற கடைசி அளவுக் கோட்டுக்கும் கீழ நிக்குது" என்றான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னான். அக்கா முதல்முறையாகச் சிரித்தாள்.

முதலாளியையும் வேலையாட்களையும் பட்டறைக்கு வரச் சொன்னாள். அதே மாதிரி புது போல்ட் ஒன்றை நட்டோடு மேசைப் பிடியில் மாட்டி, அளவை மாற்றாமல் ரெஞ்சை மேனேஜர் கையில் கொடுத்தாள்.

"இறுக்குங்க சார். சத்தம் வந்ததும் நிறுத்திக்கலாம்."

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் சுற்றினார். சத்தம் இல்லை. இன்னும் சுற்றினார். திடீரென்று கை லேசானது, போல்ட் சும்மா சுழன்றது.

"மரை போயிடுச்சு" என்றார் கம்ப்ரசர் ஓட்டுபவர்.

"இதேதான் பேனல்லயும் நடந்தது" என்றாள் அக்கா. "இது பெரிய போல்ட்டுக்கான ரெஞ்ச். அந்தக் கடைசிக் கோட்டுக்குக் கீழ வெச்சா இதோட சத்தத்தை நம்ப முடியாது. சத்தம் வரலையேன்னு நீங்க இறுக்கிக்கிட்டே போனீங்க. நடு போல்ட் மரை போய்ப் பிடி விட்டுச்சு, இணைப்பு தளர்ந்து சூடேறிப் பத்திக்கிச்சு."

"நான் தொடவே இல்ல!"

"அப்ப சத்தம் வரலைன்னு எப்படித் தெரியும்? அதுவும் போகட்டும். தளர்ந்த போல்ட்னா அதோட தலைமேல இருக்கிற கோடு இடப்பக்கம் விலகும். ரெண்டும் விலகினது வலப்பக்கம், கடிகார முள் போற பக்கம். இந்தம்மாவுக்கு அப்புறம் யாரோ மேல மேல இறுக்கியிருக்காங்க. இங்க போதும்கிற இடத்துல நிக்காத ரெஞ்ச் இது ஒண்ணுதான். அதோட சாவி உங்ககிட்ட மட்டும்தான்."

தம்பிக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. இடப்பக்கம் வலப்பக்கம்கூடப் பார்க்காமல் உளறினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்..." என்றார் மேனேஜர்.

"நல்லதுக்குச் செஞ்சதை ஏன் சார் என் தலைல கட்டினீங்க?" என்றாள் எலக்ட்ரீஷியன்.

முதலாளி இருமினார். "சரி, விடும்மா. நாளைக்கு வேலைக்கு வந்துடு. இதைப் பெரிசு பண்ண வேணாம்."

"பெரிசு பண்ணினது நான் இல்லையே."

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, தன் பெயரை அடித்துவிட்டு மேனேஜர் முன்னால் வைத்தாள். மற்றபடி ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அவர் பேனாவைத் தேடுகிற சாக்கில் சட்டைப் பையைத் தடவினார். அவள் தன் சிவப்பு மார்க்கரை நீட்டினாள்.

"இதுல போடுங்க சார். அழியாது."