ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

2024 நவம்பர் 11, திங்கள்

இன்று ஒரு சிறிய பிழை. கல்யாண ஆல்பத்தின் அட்டைப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சுக்கு அனுப்ப வேண்டும். போனில் பார்ப்பதற்கு வைக்கும் 72 புள்ளியிலேயே அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக வந்தது.

"ஏட்டி பஸீலா, மாப்பிள்ளையப் பாய் பின்னுத மாதிரி பின்னி வச்சிருக்கியே," என்றார் வெள்ளத்துரை அண்ணாச்சி. மாடியில் எங்களுக்கு மாலையில் கணினிப் பட வகுப்பு எடுப்பவரும் கீழே அச்சுக்கடை வைத்திருப்பவரும் அவர்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்னொரு பிழையை இந்த நோட்டில் நான் எழுதியதே இல்லை.

ஆறரை மணிக்கு நனைந்த குடையோடு ஓர் அம்மா மாடியேறி வந்தார். பெயர் ரெபேக்காள். கைக்குட்டையில் முடிந்திருந்த மெமரி கார்டை அவிழ்த்து என் மேசையில் வைத்தார்.

"எம் மக ஜெபக்கனி படம்மா. போன மாசம் காய்ச்சல்ல போயிட்டா. ஞாயித்துக்கெழம வீட்டுல நினைவு ஜெபம். சொவத்துல மாட்டுத மாதிரி பெருசாப் போட்டுத் தா. அவ போனும் கெட்டுப் போச்சு. வளந்தப்புறம் அவ எடுத்துக்கிட்ட படம் இது ஒண்ணுதான். நான்தான் எடுத்தேன்."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஜூன் மாதம் அதே கார்டை ஜெபக்கனி கொண்டுவந்திருந்தாள். பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம் ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும். கார்டிலிருந்தே திறந்து, முகத்தை மட்டும் வெட்டி, 160-க்கு 200 புள்ளியாகச் சுருக்கினேன். வேறு பெயரில் சேமித்திருக்க வேண்டும். கைப்பழக்கத்தில் அதே பெயரில் சேமித்துவிட்டேன். பெரிய படம் இருந்த இடத்தில் சின்னது உட்கார்ந்துகொண்டது.

போகும்போது அவள் கேட்டாள்: "அக்கா, பெரிய படம் இருக்குல்லா?"

"இருக்கு," என்றேன், பார்க்காமலே. அவள் இறங்கிப் போனதும்தான் செய்தது உறைத்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் நிலையம் வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டாள்.

இன்றும் சொல்லவில்லை. "சனிக்கிழமைக்குள்ள தாரேம்மா," என்று அனுப்பி வைத்தேன்.

பிறகு, யாருடைய படம் என்று சொல்லாமல் அண்ணாச்சியிடம் கேட்டேன். "ரொம்பச் சின்ன படத்தப் பெருசாக்க முடியுமா அண்ணாச்சி?"

"கோவைக்காய ஊதிப் பூசணிக்காயாக்க முடியுமாட்டி? தூக்கிப் போட்ட புள்ளி திரும்பி வராது."

நவம்பர் 12

ஜெபக்கனியின் படத்தைத் திறந்தேன். 320-க்கு 400.

நேற்று நான்தான் பெரிதாக்கிச் சேமித்திருப்பேன் என்று நினைத்தேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அப்படிச் செய்தால் முகம் மங்கும். இது மங்கவில்லை. சுடிதாரின் கழுத்துத் தையலில் பிரிந்திருந்த ஒற்றை நூல்கூடத் தெரிந்தது.

நவம்பர் 13

1280-க்கு 1600. நான் வெட்டி எறிந்த ஓரங்களும் வந்துவிட்டன. அவளுக்குப் பின்னால் கொடியில் தொங்கும் வெள்ளைப் போர்வை, அதன் ஈரக் கரை, ஒரு துணிக்கிளிப். நீலம் போட்டு அலசிய துணியின் வாசம் அறைக்குள் மெல்லப் பரவியது. வாசம் வருகிறதா என்று, கூடப் படிக்கும் பாத்திமா ஹனாவிடம் கேட்டேன்.

"மழையில நனஞ்சு வந்திருப்பட்டி. ஒந் துப்பட்டாவ மோந்து பாரு."

என் துப்பட்டா காய்ந்திருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

நேற்று பலத்த மழை, வகுப்பு இல்லை. இன்று ஏழு மணிக்குக் கரண்டு போனது. பின் தெருவில் விசைத்தறிச் சத்தம் சட்டென்று நின்றது. எல்லோரும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். யுபிஎஸ்ஸில் என் கணினி மட்டும் ஓடியது.

3600-க்கு 5400. சுவரில் மாட்டும் அளவு, ஒரு புள்ளி கூடவோ குறையவோ இல்லை.

அவள் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் எடுத்தவர் கண்மணியில் தெரிவார் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ரெபேக்காள் அம்மா போனைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.

அவர் இல்லை.

வரிசையாகக் கணினிகள். ஒன்றில் மட்டும் வெளிச்சம். அதன் முன்னால் பச்சைத் துப்பட்டா போட்ட ஒருத்தி.

என் கை தானாக வாயைப் பொத்தியது. கண்ணுக்குள் இருந்தவளும் வாயைப் பொத்தினாள்.

ஈரத் துணி வாசம் என் பிடரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா, பெரிய படம் இருக்குல்லா?"

குரலில் கோபமே இல்லை. ஜூனில் கேட்ட அதே நம்பிக்கையோடு கேட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லட்டி," என்றேன். "நான்தான் அழிச்சேன். ஒங்கிட்டச் சொல்லாம இருந்துட்டேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கரண்டு வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அண்ணாச்சி மேலே வந்து திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்கனட்டி கெடச்சுது? எதுத்தாப்புல நிக்குத மாதிரில்லா இருக்கு."

கோப்பை அச்சுக்கு அனுப்பினேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் அச்சடித்துத் தந்தார். அச்சு முடிந்ததும் கார்டை மறுபடி திறந்து பார்த்தேன். 160-க்கு 200. முப்பத்தெட்டு கேபி. ஜூன் மாதத் தேதி.

காகிதத்தில் வந்தது மட்டும் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து என் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அடுப்படியில் உம்மா தாளிக்கிற சத்தம் கேட்கிறது. அதையும் மீறி நீலம் போட்ட துணியின் வாசம்.

இந்தப் பக்கத்தைப் பாதி எழுதியிருந்தபோது எழுந்து, அச்சுப் புள்ளி பார்க்கும் சின்ன லென்ஸை அவள் கண்மேல் வைத்துப் பார்த்தேன். இப்போது அங்கே கணினிகள் இல்லை. ஒரு மேசை. அதன்மேல் பாதிப் பக்கம் எழுதிய ஒரு நோட்டு. அதை விட்டு எழுந்து வந்து, கையில் லென்ஸோடு குனிந்து நிற்கும் நான்.

அது என்னுடைய இடம் இல்லை. படம் எடுத்த ரெபேக்காள் அம்மா நிற்க வேண்டிய இடம்.

நாளை: காலை பத்து மணிக்கு ரெபேக்காள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ஜூனில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சுற்றிய காகிதத்தைப் பிரித்து, படத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.