மருமகளிடம் சொல்லவில்லை

நேமத்து வீட்டில் காலை ஜெபம் முடியாமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது. அது தாசம்மாள் போட்ட சட்டம். கொஞ்ச நாளாக மருமகள் ராகேல் அதை மீறிக்கொண்டேயிருந்தாள். அதுவும் தனியாக அல்ல. மாமனார் தாசையனையும் கூட்டிக்கொண்டு!

இன்று தாசம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"நில்லு பிள்ளே! என் மவன் லிஜோ துபாயில வெயிலு கொள்ளுகான். நீ இங்க வயசான மனுசன எங்க இழுத்துட்டுப் போற? என் மவ நீதுவுக்க கல்யாணத்துக்கு வச்சிருக்க மண்ண எழுதி வாங்கத்தானே?"

"மாமி... நான் அப்படிப்பட்டவளா?"

"பின்ன சொல்லேன்! வாயில கொழுக்கட்டையா?"

சொல்ல ஒரு வார்த்தை போதும். புற்றுநோய். ராகேல் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அவளுடைய பிரிவின் வாசலிலேயே, ஒருநாள் டோக்கனும் கையுமாகத் தனியே உட்கார்ந்திருந்தார் தாசையன். அவளைக் கண்டதும் அவர் கண் கலங்கியது. "மருமவகிட்ட சொல்லல மக்களே... நர்ஸுகிட்ட சொல்லுதேன். மவளுக்க கல்யாணம் கழியட்டு. அதுவரை உன் மாமிக்குத் தெரியாண்டாம்."

அன்றிலிருந்து ராகேலுக்கு ஒழுங்கான உறக்கமில்லை. நோயாளியின் ரகசியம் நோயாளிக்கே சொந்தம் என்று படித்தவள்தான். ஆனால் பக்கத்தில் படுக்கிற மனைவிக்கு அதில் பங்கே இல்லையா? மறைப்பது கருணையா, கொடுமையா? "நீங்களே சொல்லிருங்க மாமா" என்று அவள் கெஞ்சாத நாளில்லை. கிழவர் அசையவில்லை.

"மண்ணு எனக்கு வேண்டாம் மாமி. மத்தத என்கிட்ட கேக்காதீங்க. பொய் சொல்ல எனக்கு வராது."

"அப்ப என் வீட்ட விட்டு இறங்கு!"

ராகேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "மாமா, ஆட்டோ வந்தாச்சு. நேரம் தப்பக் கூடாது. உங்கள அங்க சேத்துட்டு... நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

அதற்கு மேல் தாசையனால் தாங்க முடியவில்லை.

"தாசம்மா! அவள ஒண்ணும் சொல்லாத... நோவு எனக்கு. புற்று. சொல்லாண்டாம்னு தடுத்தது நான்தான்!"

தாசம்மாள் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். "பக்கத்துலயே கிடந்தேனே... எனக்குத் தெரியலியே!" தலையிலடித்து அழுதவள், எழுந்து ராகேலின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அறிஞ்சும் சொல்லலியே பாவி!"

"அது மாமா சொல்ல வேண்டியது மாமி..."

அடித்த கை தோளிலேயே தங்கிவிட்டது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஜெபம் செய்யாமலேயே மூவரும் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறினார்கள். பழவங்காடி தாண்டியதும் தாசம்மாள் மருமகளின் காதருகே குனிந்தாள்.

"எனக்கு எதாவது வந்தாலும் உன்கிட்டதான் சொல்லுவேன். அவரிட்ட மூச்சு விடப்பிடாது, கேட்டியா?"

ராகேல் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "வந்தாலா மாமி... வந்தாச்சா?"

தாசம்மாள் கணவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.