ஈர மண்ணில் மூன்று ராஜாக்கள்

செலினின் அம்மா ஆக்னஸ், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். டிசம்பர் வந்துவிட்டால் அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போக வேண்டிய மாதா, சூசையப்பர், ஆட்டுக்குட்டிகள், மூன்று ராஜாக்கள் எல்லாரும் பலகையில் வரிசையாக நின்று கண்ணுக்காகக் காத்திருப்பார்கள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் செலின், பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவாள்.

"இந்த ராஜாவுக்குக் கண்ணு சொருகுதேம்மா."

"ஒட்டகத்துல ரொம்ப தூரம் வந்தவரு. தூக்கக் கலக்கமா இருக்கும்" என்பார் அம்மா, அதைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டே.

அந்த வருடம் அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால், அறிவியல் ஆசிரியை வாசுகி வகுப்பில் ஒரு செய்தி சொன்னார்.

"பரீட்சை முடியுற அன்னைக்குச் சாயந்தரம் ஆறே முக்காலுக்கு எல்லாரும் ஸ்கூல் மைதானத்துக்கு வந்துடணும். வானம் பார்க்கப் போறோம். ஒரே பெஞ்சுல இருக்குற ரெண்டு ரெண்டு பேரும் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டி, அதோட கதையைச் சொல்லணும்."

வகுப்பில் ஒரே சலசலப்பு. குருமூர்த்தி கையைத் தூக்கினான்.

"மிஸ், தமிழினி என்ன செய்வா?"

அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. செலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழினிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கணக்கை மனத்திலேயே போட்டு எல்லாருக்கும் முன்னால் விடை சொல்வாள். வாக்குவாதத்தில் அவளை ஜெயித்தவர் அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை. ஆனால் நட்சத்திரம்?

வாசுகி மிஸ் ஒரு நிமிடம் யோசித்தார். "தமிழினி வரவேற்புரை சொல்லட்டும். அவளுக்குக் கணீர்னு குரல்."

"சரிங்க மிஸ்" என்றாள் தமிழினி. அந்தக் குரல் கணீரென்று இல்லை.

இருவர் வீடும் ஒரே தெருவில்தான். செலினின் முழங்கையைப் பிடித்தபடி தமிழினி நடந்து வந்தாள். ரயில்வே கேட் தாண்டியதும் கேட்டாள்.

"நட்சத்திரம்னா எப்படி இருக்கும்?"

"சின்னச் சின்னதா. மினுக்கு மினுக்குனு."

"மினுக்குனா?"

"வெயில் உன் மேல படுதுல்ல, அதைத் துளித் துளியா உடைச்சுப் போட்ட மாதிரி."

"அப்போ சுடுமா?"

"இங்கிருந்து சுடாது."

"சுடாது, சத்தம் போடாது, வாசனையும் கிடையாது. அப்புறம் எதை நம்பி அது இருக்குதுன்னு சொல்றீங்க எல்லாரும்?"

செலினுக்குச் சிரிப்பு வந்தது. தமிழினியும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு, "எப்படி இருக்குதுன்னு ஒரு தடவையாவது தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றாள், மெதுவாக.

செலின் நின்றாள். தமிழினியின் உள்ளங்கையை விரித்து, ஆள்காட்டி விரலால் மூன்று முறை தொட்டாள். ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று.

"மூணு புள்ளி. ஒரே வரிசையில" என்றாள் தமிழினி. "இது என்ன?"

"மூணு ராஜா. குழந்தை இயேசுவைப் பார்க்கப் போறாங்க. எங்க அப்பா அப்படித்தான் காட்டுவாரு. இப்ப சாயந்தரமானா கிழக்கால ஏறும்."

"பக்கத்துல வேற என்ன இருக்குது?"

"ஒரு சிவப்பு நட்சத்திரம். அதுக்குத் திருவாதிரைன்னு பேரு."

தமிழினியின் கை சட்டென்று மூடிக்கொண்டது. "அது என் நட்சத்திரம். நான் பிறந்தது திருவாதிரையில. அம்மா கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லுவாங்க. அது நிஜமாவே மேல இருக்குதா?"

"நிஜமாத்தான்" என்றாள் செலின்.

அன்று மாலை அம்மாவின் கைப்பேசியில் செலின் தேடிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் கண்கள் விரிந்தன. மறுநாள் பெஞ்சில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில ஒரு வக்கீல் இருந்தாராம். வானத்துல இருக்குற கரடி, அன்னம், வேட்டைக்காரன் எல்லாத்துக்கும் புதுப் பேரு வெச்சாராம். பெரிய கரடியைப் பேதுருவோட படகுன்னாரு. அன்னத்தைச் சிலுவைன்னாரு. பன்னிரண்டு ராசிக்கும் இயேசுவோட பன்னிரண்டு சீடருங்க. வேட்டைக்காரன் நம்ம சூசையப்பரு, இயேசுவை வளர்த்த அப்பா. அந்த மூணு ராஜாவும் இருக்குறது அவரு இடுப்புப் பட்டையில. உன் திருவாதிரை அவரு தோள்ல."

"என் நட்சத்திரம் உங்க சூசையப்பர் தோள்லயா?" தமிழினி வாயைப் பொத்திச் சிரித்தாள். "இறங்குன்னு சொல்லிட மாட்டாரே?"

"சொல்ல மாட்டாரு. ரொம்பப் பொறுமைக்காரர்."

"அந்தப் பேரெல்லாம் ஏன் நமக்குத் தெரியல?"

"யாரும் மாத்திக்கலையாம். பழைய பேரையே கூப்பிட்டாங்களாம்."

"பாவம் அவரு."

"ஏன் பாவம்? ராத்திரி வெளியே வந்து நின்னா, வானம் முழுக்க அவருக்குப் பிடிச்சவங்க இருந்திருப்பாங்க" என்றாள் செலின்.

"ஆமாம்ல" என்றாள் தமிழினி.

உள்ளங்கையில் தொட்டுக் காட்டியது நிமிடத்தில் மறைந்துவிடும். மறையாத ஏதாவது வேண்டும். அன்று கம்பெனியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது செலினுக்கு அது தோன்றியது. சுற்றிலும் களிமண்.

கொஞ்சம் மண் கேட்டாள். "படிச்சு முடிச்சுட்டு என்னமோ செய்" என்றார் அம்மா.

செலின் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மண் பலகை செய்தாள். தினமும் ஏழு மணிக்கு மாடியில் நின்று பார்த்து, தாளில் புள்ளி வைத்து, அதைப் போலவே சின்ன மண் உருண்டைகளை ஒட்டினாள். மங்கல் நட்சத்திரத்துக்குக் கடுகளவு, பிரகாசமானதுக்கு மிளகளவு.

சூளையைக் கவனித்துக்கொள்ளும் சாமிதுரை, பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"நடுவுல ஈரம் இருக்குது பாப்பா. இன்னும் நாலு நாள் காயணும்."

"நாளைக்கு மறுநாள் வேணும் மாமா. இன்னைக்கே வெச்சுடுங்க."

"வெடிச்சா என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

மறுநாள் சூளை ஆறியதும் சாமிதுரை ஒரு முறத்தில் அதைக் கொண்டுவந்தார். பலகை ஐந்து துண்டாக இருந்தது. இரண்டு ராஜாக்கள் ஒரு துண்டில், மூன்றாவது ராஜா வேறொரு துண்டில். திருவாதிரை எங்கே போனதென்றே தெரியவில்லை.

செலின் சொன்னபடி அவரைக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சாமிதுரைக்குப் பொறுக்கவில்லை. "மண்ணுதானே, வேற செய்யலாம்" என்றார்.

"நாளைக்குச் சாயந்தரம் மாமா. செஞ்சாலும் காயாது."

சொன்ன பிறகு அவள் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மாமா, ஈர மண்ணு எவ்வளவு நேரம் ஈரமாவே இருக்கும்?"

"ஈரத்துணி சுத்தி வெச்சா ரெண்டு நாள் கூட இருக்கும். ஏன்?"

"தமிழினிக்குச் சுட்ட மண்ணு எதுக்கு? தொட்டுப் பார்க்கத்தானே."

மறுநாள் மாலை செலின் மைதானத்துக்கு வந்தபோது அவள் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தாம்பாளம் இருந்தது. அதில் ஈரத்துணி சுற்றிய களிமண், சப்பாத்தி மாவு போல வழவழவென்று.

தமிழினி வரவேற்புரை சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். வாசுகி மிஸ் மைதானத்து விளக்கை அணைத்தார். முதல் ஜோடி கதை சொல்லத் தொடங்கியது. செலின் தமிழினியை மதில் ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்து, தாம்பாளத்தை மடியில் வைத்தாள்.

"இதுதான் வானம். இன்னும் காலியா இருக்குது. நான் பார்த்துச் சொல்லச் சொல்ல நீ தொட்டுப் பாரு. மேல் ஓரத்துல மேற்கு. உன் பக்கத்து ஓரம் கிழக்கு."

வடமேற்கைப் பார்த்தாள். தீக்குச்சியாலும் பென்சிலாலும் மண்ணில் குழிகள் வைத்தாள். தமிழினியின் விரல் பின்னாலேயே வந்தது.

"நீளமா ஒரு வரிசை. குறுக்கே ஒரு வரிசை. சிலுவை" என்றாள் தமிழினி. "ஆனா நேரா இல்லையே. நீ சரியா வெக்கல."

"சரியாத்தான் வெச்சிருக்கேன். வானத்துலயே சாஞ்சுதான் இருக்குது."

தமிழினி மறுபடியும் தடவினாள். "தோள்ல தூக்கிக்கிட்டுப் போனா சிலுவை இப்படித்தானே சாஞ்சிருக்கும்?"

செலின் வானத்தைப் பார்த்தாள். எத்தனை நாள் மாடியில் நின்று பார்த்திருப்பாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

பிறகு கிழக்கே மூன்று ராஜாக்கள். அவர்களுக்கு இடப்பக்கம் திருவாதிரை. அதைப் பென்சிலின் மறுமுனையால் அழுத்தினாள். தமிழினியின் விரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"செலின், வா, உன் முறை" என்று வாசுகி மிஸ் கூப்பிட்டார்.

இருவரும் எழுந்து போவதற்குள் கிழக்கிலிருந்து மேகம் ஏறிவிட்டது. ராஜாக்கள் இல்லை. மேற்கேயும் பாதி மூடிவிட்டது. பிள்ளைகள் "ச்சே" என்றார்கள்.

"சரி, கதையை மட்டும் சொல்லுங்க" என்றார் மிஸ்.

"பார்க்காம எப்படி மிஸ்?" என்றான் குருமூர்த்தி.

"பார்க்காமலும் முடியும். இங்க வா, காட்டுறேன்" என்றாள் தமிழினி.

அவன் வந்தான். தமிழினி அவன் விரலைப் பிடித்து மண்ணில் வைத்தாள்.

"கண்ணை மூடிக்கோ. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு ராஜா. கிழக்கேயிருந்து வர்றாங்க, இன்னைக்கு மேகத்துக்குள்ள நடக்குறாங்க. இந்தப் பக்கம் வா. இது சிலுவை. ஏன் சாஞ்சிருக்குது சொல்லு?"

"நீ தாம்பாளத்தைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்க."

எல்லாரும் சிரித்தார்கள். தமிழினி காரணத்தைச் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாரும் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். ஜெர்மனி வக்கீலின் கதையைச் செலின் சொன்னாள். தமிழினி விரல்களைப் பிடித்துப் பிடித்து வானத்தைக் காட்டினாள்.

"மிதுன ராசிக்கு எந்தச் சீடர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"யாக்கோபு" என்றாள் செலின்.

"சிம்மத்துக்கு?" இதைக் கேட்டது வாசுகி மிஸ்.

"தோமா, மிஸ். கடல் தாண்டி நம்ம பக்கம் வந்தாருன்னு சொல்லுவாங்களே, அவரு."

மிஸ்ஸுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பிறகு அவரும் வரிசையில் வந்து கண்ணை மூடிக்கொண்டு, தமிழினியிடம் தன் விரலைக் கொடுத்தார். திருவாதிரைக் குழியைத் தொட்டதும், "இது கொஞ்சம் ஆழமா இருக்குதே" என்றார்.

"அது என் நட்சத்திரம் மிஸ். நான் அழுத்தி அழுத்திப் பார்த்துட்டேன்."

வாசுகி மிஸ் கண்ணைத் திறந்தார். "உன்னை வரவேற்புரையோட நிறுத்தப் பார்த்தேன் தமிழினி. தப்பு என்னோடது" என்றார்.

"பரவாயில்லைங்க மிஸ். வரவேற்புரையும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் தமிழினி. இப்போது குரல் கணீரென்று இருந்தது.

ஏழே முக்கால் ஆனது. மைதானத்து வாசலில் அப்பா அம்மாக்கள் வந்து நின்றார்கள். அப்போதுதான் மேகம் விலகியது. ராஜாக்கள் மூவரும் இன்னும் உயரமாக ஏறியிருந்தார்கள். அவர்கள் வரிசையை அப்படியே கீழே நீட்டினால் போய்ச் சேரும் இடத்தில், வேப்பமரத்துக்கு மேலே, அதுவரை இல்லாத ஒரு பெரிய நட்சத்திரம் வெள்ளையாக எரிந்தது.

"புதுசா ஒண்ணு வந்திருக்குது" என்றாள் செலின். "எல்லாத்தையும் விடப் பெருசு. ராஜாக்கள் தேடிப்போற நட்சத்திரம் அதுதான்னு சில ஊர்ல சொல்லுவாங்களாம்."

"நம்ம வானத்துல அது இல்லையே" என்றாள் தமிழினி.

"இன்னும் ஈரமாத்தான் இருக்குது. வெச்சுடலாம்."

செலின் பென்சிலை எடுத்தாள். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நீ வை. மூணு ராஜாவையும் தொட்டுக்கிட்டே நேரா உன் பக்கம் வா. இன்னும் கொஞ்சம். அங்கதான்."

தமிழினி அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, தாம்பாளத்தின் அடிவரை அழுத்தினாள்.