நிமிர்ந்து நின்ற டப்பா

கடிகாரக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே வந்தபோது மணி ஒன்பது. கடையிலிருந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்ததால், கடைக்காரரின் கைக்கடிகாரத்தை நம்பித்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைக்காரரை அக்கம்பக்கத்தில் நிதானம் என்பார்கள். காணாமல் போன பொருளோ, காரணம் தெரியாத சண்டையோ, சிக்கலை அவர் முன்னால் வைத்துவிட்டால் அவிழ்ந்துவிடும் என்று பெயர் வாங்கியிருந்தார். கடையில் கூடமாட இருந்த அவருடைய மச்சினனுக்கு அவசரம் என்று பெயர். அதை வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே போய்ச் சண்டை பிடித்திருப்பான், அவ்வளவு பொருத்தமான பெயர்.

"சார், இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷோ. கடைசி ரீலுக்கான நொட்டேஷன் மொத்தமும் காணோம்" என்றார் வந்தவர், உட்காராமலே.

நிதானம் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். "உக்காருங்கம்மா. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் ஓர் இசைக்குழுவின் நடத்துனர். பதினான்கு வாத்தியக்காரர்கள். மௌனப்படம் ஓடும்போது திரைக்குக் கீழே உட்கார்ந்து நேரில் வாசிக்கும் பழைய வழக்கத்தை மறுபடி கொண்டுவர மூன்று வருஷமாக அலைந்திருக்கிறார். தியேட்டர் மானேஜர் ஒரே ஒரு காட்சிக்கு ஒப்புக்கொண்டிருந்தார். நன்றாக நடந்தால் மாதம் ஒரு படம், சொதப்பினால் பழையபடி பதிவு செய்த இசையைப் போட்டுவிடுவார்.

"முழு ஸ்கோர் உங்ககிட்ட இருக்குமே?" என்றார் நிதானம்.

"இருக்கு. ஆனா அதப் பாத்து பதினாலு பேருக்கும் தனித்தனியா எழுத ரெண்டு நாள் ஆகும். ஒரு வாரம் முன்னாடியே தியேட்டர்ல இருக்கற எல்லார் ஃபோல்டர்லயும் வெச்சுட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பழகுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஒருத்தர் தொடல. கடைசி ரீல் அறுந்து கெடந்ததால அத மட்டும் இன்னும் ஒத்திகை பாக்கல. இன்னிக்குக் காலையில பாக்கலாம்னு ஃபோல்டரத் திறந்தா, எல்லாத்துலயும் அந்தத் தாள் மட்டும் இல்ல."

"யார் மேல சந்தேகம்?"

அவர் கைப்பையின் வாரை முறுக்கினார். "தியேட்டர் ஆபரேட்டர் என் சொந்த அண்ணன். படம் பேசாமலே பேசுது, நடுவுல உங்க சத்தம் எதுக்குன்னு சாப்பிடும்போதெல்லாம் சண்டை. நேத்து கடைசியா தியேட்டரப் பூட்டிட்டுப் போனதும் அவர்தான். ஷோ போனாக்கூட இன்னொரு தியேட்டரப் பாத்துக்கலாம் சார். ஆனா இதச் செஞ்சது அண்ணன்தான்னா, அந்த வீட்ல நான் எப்படி இருப்பேன்? அது எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும்."

அவர் பேசி முடிப்பதற்குள் அவசரம் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான். அண்ணன்தான் திருடன் என்று அவனுக்கு அப்போதே முடிவாகியிருந்தது.

தியேட்டரில் திரைக்குக் கீழே பதினான்கு நொட்டேஷன் ஸ்டாண்டுகளும் அரைவட்டமாக நின்றன. வாத்தியக்காரர்கள் மூலைக்கு மூலை குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவர் ஃப்ளூட் பெரியவர் ஒருவர்தான். நாற்பது வருஷமாக வாசிக்கிற மனிதர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் மப்ளர்.

"விடும்மா" என்றார் நடத்துனரிடம். "கடைசி ரீலுக்குப் பியானோ மட்டும் போதும். பியானோ அம்மா படத்தப் பாத்துக்கிட்டே கைக்கு வந்தத வாசிச்சிடுவாங்க. ஷோ நிக்காது."

"பத்து நிமிஷம்தானே, சமாளிச்சிடலாம்" என்று பியானோ அம்மாளும் தலையாட்டினார்.

நிதானம் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கடைசி ரீல்ல உங்க பாகம் ரொம்பக் கஷ்டமோ?"

"யாரு கண்டா? நான் அந்தத் தாளக் கண்ணாலகூடப் பாக்கல. ஃபோல்டர்லயே இருந்துச்சு, அப்படியே போயிடுச்சு" என்று பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மானேஜரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் நிதானம். "மேல ஆபரேட்டர் ரூமுக்குப் பூட்டு உண்டா?"

"தாழ்ப்பாள்தான். உள்ள ஒரே சூடு, அவர் டீ குடிக்க இறங்கினா கதவு திறந்தே கெடக்கும். நான் அந்த ரூம்ல உதவியாளா இருந்த காலத்துலயும் அப்படித்தான்" என்றார் மானேஜர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளி ஆள எதுக்கு சார் தேடறீங்க? அண்ணனையே கேளுங்க" என்றார்.

இரும்புப் படிகளில் ஏறி அந்த அறைக்குப் போனார்கள். ஆபரேட்டர் தலையைத் தூக்கவில்லை. அறுந்த ரீலை மூன்று நாளாக ஒட்டிக்கொண்டிருந்ததில் விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. சுவர் அலமாரியில் அறுபது எழுபது தகர டப்பாக்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கியிருந்தன. அவசரத்தின் கண் அலமாரியின் கோடிக்குப் போய் நின்றது. அங்கே ஒரு டப்பா மட்டும் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே நிமிர்ந்து நின்றது.

இழுத்தான். திறந்தான். உள்ளே இசைத்தாள்கள்.

"கெடச்சிடுச்சு அத்தான்! கையும் களவுமா!" என்று அவன் போட்ட சத்தத்தில் கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் படியேறி வந்துவிட்டார்கள்.

நடத்துனர் தாள்களைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். "ஏண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் எடுக்கல" என்றார் ஆபரேட்டர்.

"இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" என்றார் மானேஜர்.

நிதானம் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எண்ணினார். பதினான்கும் இருந்தன. "எல்லாரும் கீழ வாங்க. அண்ணன் இத எடுக்கலங்கறதுக்கு இந்த டப்பாதான் சாட்சி" என்றார்.

அவசரத்துக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

கீழே எல்லோரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நிதானம் திரைக்கு முன்னால் நின்றார்.

"மாப்பிள்ளை, இந்த டப்பா உன் கண்ணுல எப்படிப் பட்டுச்சு?"

"அது மட்டும் நின்னுச்சு அத்தான். மத்ததெல்லாம் படுத்துக் கெடந்துச்சு."

"ஆபரேட்டர் சார், நீங்க டப்பாவ நிக்க வெப்பீங்களா?"

"ஐயோ!" என்றார் ஆபரேட்டர், திட்டு வாங்கியவர்போல. "நிக்க வெச்சா உள்ள இருக்கற ரீல் ஒரு பக்கமா தொங்கி வளைஞ்சிடும். காலி டப்பாவாகவே இருந்தாலும் கை தானா படுக்கத்தான் வெக்கும்."

"மானேஜர் சாரும் அதே ரூம்ல வேல பாத்தவர். அவர் கையும் அப்படித்தான். ஒரு டப்பாவப் புத்தகம் மாதிரி நிறுத்தி வெக்கறது வேற மாதிரி பழகின கை. ஃபோல்டரையும் நொட்டேஷன் புத்தகத்தையும் நிறுத்தி அடுக்கற கை. ஆக, இது இங்க இருக்கற வாத்தியக்காரங்கள்ல ஒருத்தர்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. நடத்துனர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார், அவர் திரும்பிக்கொண்டார்.

"இப்ப தாளுக்கு வருவோம்" என்றார் நிதானம். "ஒரு வாரமா ஃபோல்டர்லயே கெடந்த தாளுங்க. பதிமூணு தாள் மடிப்பே இல்லாம புதுசா இருக்கு. ஒண்ணு மட்டும் நாலா மடிச்சு சட்டைப்பையில போய்வந்த தாள். ஓரமெல்லாம் பென்சில் எழுதி, அழிச்சு, மறுபடி எழுதி, தாளே நைஞ்சு போயிருக்கு. வீட்டுல உசிரக் குடுத்துப் பழகியிருக்காங்க. இது ஃப்ளூட்டுக்கான தாள்."

எல்லோருடைய பார்வையும் பெரியவர் பக்கம் திரும்பியது. அவர் மப்ளரைச் சரிசெய்தார்.

"பழகறது தப்பில்ல, அம்மா கெஞ்சிக் கேட்டதே அதத்தான். பழகினேன்னு மார்தட்டிச் சொல்ல வேண்டியவர், கண்ணாலகூடப் பாக்கலன்னு என்கிட்ட சொன்னார். அத மறைக்க ஒரு காரணம் இருக்கணுமே? மத்த பதிமூணும் காணாமப் போய் இவரோடது மட்டும் மிஞ்சியிருந்தா எல்லாரும் இவரத்தான் பாப்பாங்க. அதனால இதையும் சேத்து வெச்சார். அம்மா, இந்தப் பென்சில் குறியெல்லாம் என்னன்னு எனக்குத் தெரியாது. நீங்களே படிங்க."

நடத்துனர் தாளை வாங்கினார். பார்க்கப் பார்க்க அவர் கோபம் வடிந்தது. "இது மூச்சு வாங்கற இடத்துக்குப் போடற குறி. எட்டு தாளக் கட்டத்துக்கு ஒண்ணு போட்டு அழிச்சிருக்கார். அப்புறம் நாலுக்கு ஒண்ணு. அதையும் அழிச்சு... ரெண்டுக்கு ஒண்ணு."

பெரியவர் எழுந்தார். "ஒன்றரை நிமிஷம் ஃப்ளூட் மட்டும் தனியா, விடாம. மூணு வருஷம் முன்னாடின்னா நாலு மூச்சுல முடிச்சிருப்பேன். போன தடவ நெஞ்சுல சளி கட்டினதுலேர்ந்து காத்து நிக்கமாட்டேங்குது. என்ன நம்பித்தானே அந்த எடத்த எழுதின? முடியலன்னு உன்கிட்டச் சொல்ல வாய் வரலம்மா. பியானோ வாசிச்சா ஷோவும் நடக்கும், என் மானமும் நிக்கும்னு நெனச்சேன். நேத்து உன் அண்ணன் டீ குடிக்க இறங்கினப்போ, அத்தன டப்பாவுல ஒண்ண யார் திறக்கப்போறாங்கன்னு வெச்சேன். உன் அண்ணன் தலையில விடியும்னு சத்தியமா நெனக்கல."

"கிழிச்சே போட்டிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டான் அவசரம்.

"நொட்டேஷனக் கிழிக்கறதா?" என்றார் பெரியவர். திருடியதை ஒப்புக்கொண்டபோதுகூட அவர் குரலில் இவ்வளவு அதிர்ச்சி இல்லை.

மானேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆபரேட்டர் முன்னால் வந்து தங்கையின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது.

"இது எந்த சீனுக்கு?"

"அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பாலத்தக் கடக்கற எடம்ணா."

"அங்க எதுக்கு விடாம ஊதணும்? அவ மூணு தடவ பெட்டியக் கீழ வெக்கறாளே?"

நடத்துனர் திகைத்தார். "எப்போ? எங்கிட்ட அந்த சீனோட நீளம் மட்டும்தான் எழுதியிருக்கு. ரீல்தான் துண்டு துண்டாக் கெடந்துச்சே!"

"அதத்தானே மூணு நாளா ஒட்டறேன்? பெட்டிய வெப்பா, நிமிருவா, நல்லா ஒரு மூச்சு விடுவா, அப்புறம்தான் தூக்குவா. மூணு தடவையும் அப்படித்தான்." ஆபரேட்டர் பெரியவரைப் பார்த்தார். "அவ மூச்சு விடும்போது நீங்களும் விடுங்க."

பிறகு நடத்துனர் பென்சிலை எடுத்து, நின்றபடியே எழுதத் தொடங்கினார். "மொத நடை உங்களோடது. ரெண்டாவதும் மூணாவதும் கிளாரினெட் எடுக்கட்டும். கடைசி நடை மறுபடி உங்களோடது. பெட்டி கீழ இருக்கறப்போ யாரும் வாசிக்க வேணாம். பெரியவரே, என்ன முழிக்கறீங்க? ஃப்ளூட்ட எடுங்க. அண்ணா, ரீலப் போடு, ஒத்திகை பாக்கணும்."

ஆபரேட்டர் படியில் கால் வைத்தபோது, "அண்ணா" என்று மறுபடி கூப்பிட்டார். "உன்ன சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடு."

"சரி சரி. போய் வேலையப் பாரு" என்று அவர் மேலே போனார். ஆனால் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிப் போனதை அவசரம் கவனித்தான்.

ஆறு மணிக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. கடைசி ரீலில் திரையில் அந்தப் பெண் பாலத்தின்மேல் காலெடுத்து வைத்தாள். ஃப்ளூட் மட்டும் அவளோடு நடந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். ஃப்ளூட் நின்றது. அவள் தோள் ஏறி இறங்கியது, பெரியவரின் தோளும் ஏறி இறங்கியது. அந்த அமைதியில் முன்வரிசையில் யாரோ தன்னை அறியாமல் பெருமூச்சு விட்டது அரங்கம் முழுக்கக் கேட்டது. நான்காவது நடையைப் பெரியவர் குறி போட்ட ஒரு இடத்திலும் நிற்காமல் ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கரை சேர்த்தார். அவசரம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி அழுதுவிட்டான்.

கைதட்டல் அடங்க நெடுநேரமானது. மானேஜர் ஓடிவந்து, "அடுத்த மாசத்துக்கு எந்தப் படம்மா?" என்றார்.

நடத்துனர் பதில் சொல்வதற்குள் ஆபரேட்டர் மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டார். "எந்தப் படமா இருந்தாலும் மொதல்ல டப்பா எங்கிட்ட வரட்டும்" என்றார் தங்கையிடம். "யார் எங்க மூச்சு விடறாங்கன்னு நான் பாத்துச் சொல்றேன். அப்புறம் நீ எழுது."

"சரிண்ணா" என்றார் நடத்துனர்.