நான்காவது பெயர்

பட்டியலில் மூன்று பெயர்கள்தான் இருந்திருக்க வேண்டும். நான்கு இருந்தன.

மயிலாப்பூரில் ஜானு படிக்கும் பள்ளியின் மாடி அறையில், மழைக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு, ஈரச் சுவரின் வாடையும் பழைய மின்விசிறியின் முனகலும் சூழ, ஸஹானா பள்ளிக்காகத் தான் கணினியில் எழுதிய படிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் குழந்தையை யார் அழைத்துப் போகிறார்கள் என்று பதியும் படிவம். குழந்தையின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த பெட்டி அந்தக் குழந்தைக்கு உரியவர்களை மட்டும், அவர்களிலும் உயிரோடு இருப்பவர்களை மட்டும் காட்ட வேண்டும்.

அவள் மகள் ஜானுவுக்கு: ஸஹானா. சித்தி ஜலஜா. ஆட்டோ மெஹபூப் அலி.

நான்காவதாக, ஸ்ரீநாத்.

கணவன் போய் நான்கு மாதமாக எடுக்க மனம் வராமல் விட்டுவைத்திருந்த அந்த 'உயிருடன்' டிக்கை இன்று காலைதான் எடுத்தாள்; எடுத்துவிட்டு, கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இப்போது மறுபடி போய்ப் பார்த்தாள். டிக் இல்லை. பெயர்களை வடிகட்டும் நிரல் வரிகளைப் படித்தாள். பிழை இல்லை. மற்ற குழந்தைகளுக்கெல்லாம் சரியாகவே வந்தது.

கீழே மணி அடித்தது. சற்று நேரத்தில் திரையில் ஒரு புது வரி ஏறியது. கேட்டில் டேப்லெட்டோடு நிற்கும் ஆயா தங்கம் பதிந்தது.

ஜானு. 3.10. அழைத்துச் சென்றவர்: ஸ்ரீநாத்.

படிக்கட்டு இருட்டு. கைப்பிடி ஈரம். அவனுடைய ஷேவிங் சோப்பு வாசனை.

"இன்னா மேடம், ரயில புடிக்கவா இப்டி ஓடியாறீங்க?" தங்கம் சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் அவளுக்கு. "பாப்பாவ சார் இட்டுகினு போய்ட்டாரே."

"எந்த சார்?"

"அவங்க அப்பாதான். பேரு கேட்டேன், லிஸ்ட்ல கீது, உட்டுட்டேன். கொழந்த இன்னா ஓட்டம் ஓடிச்சு தெரியுமா, அப்பா அப்பான்னு!"

தெருக்கோடியில் ஜானு நடந்துகொண்டிருந்தாள். தனியாக. ஒரு கை மட்டும் தலைக்கு மேலே, உயரமான யாரையோ பிடித்திருப்பதுபோல.

"ஜானு!"

திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, அப்பா உன்னையும் வரச் சொல்றார்."

ஓடியிருக்க வேண்டும். ஒரு நிமிடம், இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லாத ஒரு நிமிடம், ஸஹானா அந்தக் குழந்தைமேல் பொறாமையோடு நின்றாள்.

யாரோ இழுத்ததுபோல, ஜானுவின் மூடிய விரல்கள்தான் முதலில் முன்னே போயின. பிறகு கை. பிறகு குழந்தை.