முப்பத்தேழாவது படம்

பழைய கேமராக் கடை மாடியில் இருந்தது. படியேறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"முதல் கேமராவாம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. தெருவுல போறவங்களை எடுக்கணும். சத்தம் வரக் கூடாது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராதான் வேணும்."

வாய் என்னுடையது, வார்த்தை என் தம்பியுடையது. இருபது வருடம் தெருத்தெருவாகப் படமெடுத்தவன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு லாரி அவனையும் அவன் கேமராவையும் சேர்த்தே நசுக்கிவிட்டது. ஊரில் உள்ளவர்களை எல்லாம் எடுத்தவனை யாரும் எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லை. அலுவலக அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் யாரோ ஒரு ஆள்போல் இருந்தான். அவன் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. அதுதான் என் பயம்.

"அக்கா, ஒரே ஒரு படம்" என்று என் உயிரையும் வாங்குவான். நான் கையால் முகத்தை மூடிக்கொள்வேன். "போடா, வேலையைப் பாரு."

கடைக்காரர் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். முதலாவது செங்கல் கனம். இரண்டாவது, அழுத்தினால் கதவைச் சாத்துவதுபோல் சத்தம் போட்டது. மூன்றாவது மூலையெல்லாம் தேய்ந்த கறுப்புக் கேமரா, கையில் வாகாக உட்கார்ந்தது.

"இதுல லென்ஸ் வழியா பார்க்க மாட்டீங்கம்மா. மேல இருக்கிற இந்தக் குட்டி ஜன்னல்ல பாருங்க. நடுக்கட்டத்துல ஆள் ரெண்டாத் தெரியும். வளையத்தைத் திருப்பி ஒண்ணாக்குங்க. அவ்வளவுதான்."

ஃபிலிம் போட்டுக் கொடுத்தார். "ஒரு சுத்து எடுத்துட்டு வாங்க, பிடிச்சா வாங்கிக்கலாம்." வேறு என்னவோகூடச் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில். எதிர்ச் சுவரோரம் ஒருவர் செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். வளையத்தைத் திருப்பினேன். இரண்டு தலைகள் ஒன்றாயின.

அவருக்குப் பின்னால் இன்னொருவன் நின்றான்.

கேமராவை இறக்கினேன். பின்னால் சுவர் மட்டும்தான். மறுபடி ஜன்னலில் கண் வைத்தேன். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் மட்டும் நின்றான். முழங்கை வரை மடித்த சட்டை.

என் தம்பி.

கத்தவில்லை. கத்தினால் போய்விடுவானோ என்ற பயம். அழுத்தினேன். வளையம் காட்டிய தூரம் பத்து மீட்டர்.

அடுத்த படத்துக்குள் ஐந்து மீட்டர். எடுக்க எடுக்க நெருங்கி வந்தான். கையை முகத்துக்கு நேரே கொண்டுபோய், பாத்திர மூடியைத் திறப்பதுபோல் தூக்கித் தூக்கிக் காட்டினான். டாட்டா காட்டுகிறான் என்றே நினைத்தேன்.

மூன்று மீட்டர்.

அவன் விரலில் எப்போதும் இருக்கும், ஃபிலிம் கழுவும் ரசாயனத்தின் புளித்த வாடை வந்தது. கழுத்தில் குளிர் ஏறியது. விரல் நிற்கவில்லை. உன் முகத்தை விட மாட்டேன்டா.

ஒரு மீட்டர். அதற்குக் கீழே வளையம் திரும்பாது.

முப்பத்தாறாவதை அழுத்திவிட்டுக் கேமராவை இறக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். லென்ஸ்மேல் கறுப்பு மூடி.

நான் அதைக் கழற்றவே இல்லை.

அவன் கேமரா வாங்கிய புதிதில் இப்படித்தான் ஒரு ரோல் முழுக்க மூடியோடு எடுத்துவிட்டு வந்து நின்றான். ஒரு மாதம், பார்க்கும்போதெல்லாம் மூடி திறப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டி அவனை ஓட்டியிருக்கிறேன். அதையேதான் அவன் எனக்குக் காட்டியிருக்கிறான். எனக்கு உறைக்கவில்லை. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை பார்ப்பவளாம் நான்!

ஒரு கையில் கழற்றிய மூடி, மறு கையில் கேமரா. நடுத்தெருவில் ஓவென்று அழுதேன்.

என் முகத்துக்கு நேராக, காற்றில், மெல்ல ஒரு 'கிளிக்'.

கடைக்காரர் கழுவிய ஃபிலிமை விளக்கில் பிடித்தார். "மூடி போட்டிருக்கேன், கழட்டிடுங்கன்னு சொன்னேனேம்மா. எல்லாம் காலி."

பிறகு குரல் இறங்கியது. "எத்தனை எடுத்தீங்க?"

"முப்பத்தாறு."

"ஃபிலிம் ஓரத்துல முப்பத்தேழுன்னு நம்பர் இருக்கு. அங்க மட்டும் ஒரு படம் விழுந்திருக்கும்மா."

பெரிதாக்கித் தந்தார். அதில் நான் நின்றேன். கையால் மறைக்காத முகம், அழுத கண், ஒரு கையில் மூடி. மறு கையில் அதே கறுப்புக் கேமரா.

"இதை யாரும்மா எடுத்தது?"

 கேட்ட விலையைக் கொடுத்துக் கேமராவை வாங்கி வந்தேன். அவன் முகம் கிடைக்கவில்லை. அவன் கேட்ட படம் அவனுக்குக் கிடைத்துவிட்டது, அவன் உயிரோடு இருந்தபோதே கொடுத்திருக்கலாம்.

கேமரா அலமாரியில் இருக்கிறது. தினமும் இரவு மூடியைப் போட்டு, வளையத்தைத் திருப்பிப் பத்தில் வைக்கிறேன். காலையில் மூடி தனியாகக் கிடக்கிறது. வளையம் ஒன்றில் நிற்கிறது.