இரண்டு தட்டு

"என் கால நசுக்கினது போதாதாமா? இன்னும் எத்தனை பேர் கால நசுக்கணுமாம்?"

கொழுந்தன் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கிக் குத்தியபடி சுவரைப் பார்த்துக் கேட்டான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் அசையவில்லை. அவள்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில் லாரி ஓட்டும் வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு வீட்டில் கிடைத்த வழியனுப்பு இதுதான்!

பதினெட்டு வருஷமாக அவன் அவளை 'அண்ணி' என்று கூப்பிட்டதில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிடுவான், அவள் துவைத்ததை உடுத்துவான். பேச்சு மட்டும் சுவரோடு.

ஒரு காலத்தில் அவளும் புருஷனும் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டினார்கள். சரக்கு ஏற்றி இறக்க கொழுந்தனும் கூடவே போவான். ஒரு மத்தியானம், ரிவர்ஸில் வந்த அந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவன் வலது பாதம் மாட்டி நசுங்கிப் போனது. "நான்தான் ஓட்டினேன்" என்று அவள் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கும் புருஷனுக்கும் மட்டுமே தெரியும். அன்றோடு ஸ்டீயரிங்கை விட்டாள். லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து, அலமாரியில் துணிக்கடியில் வைத்திருந்தாள்.

இப்போது புருஷனுக்குக் கண் மங்கி, மூன்று மாதமாக வீட்டோடு இருக்கிறார். எழுத்தே தெரியாத கண்ணுக்குப் பேப்பர் ஒரு கேடா! முகத்துக்கு நேராக அதைத்தான் விரித்துப் பிடித்திருந்தார்.

"என்னங்க... நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

பேப்பர் ஒரு பக்கம் புரண்டது, அவ்வளவுதான். ஆனால் அவள் படி இறங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

'சமீபத்திய அனுபவம் இல்லை' என்று இரண்டு கம்பெனிகள் அவளை வாசலோடு அனுப்பிவிட்டன. மிச்சமிருந்தது கொழுந்தன் வாட்ச்மேனாக இருக்கும் இந்தக் கிடங்கு ஒன்றுதான். போகிற போக்கில் மேலாளர் காதில் அவன் எல்லாவற்றையும் போட்டிருந்தான்.

"பதினெட்டு வருஷமா வண்டியே தொடலயாமே?" மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ரெண்டு லாரிக்கும் நடுவுல ரிவர்ஸ்ல கொண்டு வந்து விடுங்க. ஒரு கீறல் விழுந்தாலும் நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

ஏறும்போது முழங்கால் வலித்தது. கிளட்ச் கல்லாகக் கிடந்தது. முதல் கியரில் வண்டி குலுங்க, கீழே இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, லாரிகளுக்கு முன்னால் நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

"என்னம்மா, அதுக்குள்ள பயமா?"

"இறங்கிப் பார்க்காம பின்னால எடுக்க மாட்டேன் சார்."

வண்டியைச் சுற்றி நடந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். சக்கரத்துக்குப் பின்னால் கிடந்த கட்டையை இழுத்துப் போட்டாள். கடைசியில் பின்கதவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். தப்... தப்!

கேட்டில் ஊன்றுகோல் விழும் சத்தம் கேட்டது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல், கொழுந்தன் காலை இழுத்து இழுத்து ஓடிவந்து வண்டிக்குப் பின்னால் நின்றான்.

"வண்டிய எடுக்காதீங்க!"

கெடுக்கத்தான் வந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

"இந்தச் சத்தம்..." அவன் பின்கதவைக் காட்டினான். "நீங்க ஓட்டினா இந்தத் தட்டு கேட்டாதான் நான் விலகுவேன். தினம் விலகியிருக்கேன்! அன்னிக்கு... அன்னிக்கு இது கேக்கவே இல்லயே! அண்ணன்தானே எப்பவும் இறங்கிப் பார்க்காது!" கேட்டோரம் நின்றவரைப் பார்த்து அலறினான். "அண்ணே! அன்னிக்கு ஓட்டினது யாரு?"

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்டா... இவ அசந்து தூங்கிட்டிருந்தா. 'கூடப் பொறந்தவன் வெறுத்தா நீங்க தாங்க மாட்டீங்க, என்னையே வெறுத்துட்டுப் போகட்டும்'னு சொன்னா. நான்... நான் சரின்னுட்டேன்டா!"

"அய்யோ அண்ணி! பதினெட்டு வருஷம் சுவத்தோட பேசிட்டேனே..." கொழுந்தன் அவள் கைகளைப் பிடித்து, அவற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். அவளுக்கும் அடைத்து வைத்ததெல்லாம் உடைந்து வந்தது. அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"போதும் தம்பி. மிச்சத்தை வீட்டுல அழுதுக்கலாம். இன்னும் டெஸ்ட் முடியல, தள்ளி நில்லுங்க."

கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து அவன் நகர்ந்து நின்றான். அவள் மறுபடி ஏறினாள். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. இடப்பக்கம் ஒரு சாண், வலப்பக்கம் அதுவும் இல்லை. நடுவில் நிறுத்தி, திரும்ப இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வண்டி நேராகப் போய் நின்றது.

மேலாளர் இரண்டு பக்கமும் குனிந்து தேடினார். கீறல் இல்லை.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்கம்மா."

புருஷன் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து கையை நீட்டினார். "வீட்டுக்குப் போலாமா...?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. கீழே கிடந்த ஊன்றுகோலை எடுத்துக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

"தம்பி, நாளையிலேருந்து காலைல பால் காய்ச்சறது உங்க அண்ணன் வேலைன்னு சொல்லிடுங்க. பொங்கினா அவரே எழுந்து அணைக்கணும்னும் சொல்லுங்க."

"சரிங்க அண்ணி" என்றான் அவன்.